சேந்தா தொட்டி, சேராட்டி சட்டி

அந்த அக்கா மீனுக்குப் போனால் ஊரே சிரிக்கும்.

கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஒரு நாள் குறித்து, இன்றைக்குக் கண்மாய் அழியுது என்று சொல்லிவிடுவார்கள். அன்று யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடிக்கலாம். வலை, துண்டு, பழைய சேலை, அடியில்லாத கூடை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நாலு ஊர்ச் சனமும் சேற்றுக்குள் நிற்கும். எல்லாருக்கும் கண் விரால் மேலேதான். அக்கா மட்டும் ஒரு எனாமல் வாளியோடு கரையில் நின்று, குழம்புக்கு ஆகாத பொடி மீனைக் கேட்பார்.

"நர்ஸம்மா, இந்தப் பொடிசை வச்சு என்ன செய்யப் போறீக? முள்ளுகூடத் தேறாது."

"திங்கறதுக்கு இல்லய்யா. வளக்கறதுக்கு."

"மீனையா? கோழிய வளத்தா முட்டையாச்சும் போடும்."

அக்கா அதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டார். கரையில் கருவேல மரத்தடியில் குந்தி, வாளிக்குள் குனிந்தால் ரெண்டு மணி நேரம் தலை நிமிராது. கண்ணாடித் தம்ளரால் ஒவ்வொன்றாய் மொண்டு வெயிலுக்கு நேரே பிடிப்பார். முதலில் வாயைப் பார்ப்பார். வாய் மேல்பார்க்க இருந்தால் மிதப்பதைத் தின்னும், கீழ்பார்க்க இருந்தால் மணலைக் கிளறித் தின்னும், ஒன்றின் சோற்றுக்கு மற்றது போட்டிக்கு வராது. கெண்டை என்றால் ஆறேழு சேர்த்துத்தான் எடுப்பார். தனிக் கெண்டை பயத்திலேயே செத்துப்போகுமாம். அயிரை வேண்டும், அடியில் விழுந்த மிச்சம் மீதியைப் பொறுக்கித் தின்னும். கெளுத்தி வேண்டாம், பகலெல்லாம் கல்லுக்கடியில் சாதுபோல் கிடந்துவிட்டு இருட்டினதும் வேட்டைக்குக் கிளம்பும். விரால் குஞ்சு செக்கச்செவேலென்று எத்தனை அழகாயிருந்தாலும் வேண்டவே வேண்டாம். இப்படிப் பிரித்து, வேண்டியதை வாளியில் விட்டுவிட்டு, வேண்டாததை ஓலைக்கொட்டானில் போட்டுக்கொள்வார். கொட்டானில் போனது அன்றைக்குச் சாயந்திரம் மாங்காய் போட்டு மண்சட்டியில் கொதிக்கும்.

"சேந்தா தொட்டி, சேராட்டி சட்டி" என்பார். அவர் வாயில் நான் அதிகம் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். முதலில் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிவகாசியில் நர்ஸாக இருந்தார் அவர். நாற்பது தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். ஏன் ஆகவில்லை என்று கேட்கிற தைரியம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்திருந்த புதிதில் நான் அங்கே டீச்சர் வேலைக்கு வந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. திருநெல்வேலிப் பக்கத்தில் ஓர் உபதேசியாரின் மகள். படிப்பில் கெட்டி, பேச்சில் அதைவிடக் கெட்டி. ஒண்டியாக வந்த பெண்ணுக்கு வீடு யார் கொடுப்பார்கள்? சபையில் விசாரித்து அக்காவிடம் அனுப்பிவைத்தார்கள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பதினஞ்சு நாள் இருங்க டீச்சர். அப்புறம் பேசுவோம்" என்றார்.

வாசலை ஒட்டிய அறை எனக்கு. தனி அடுப்பு, தனிக் குடம். சன்னலில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, அதில் நாலு கெண்டை. புது மீன் எதுவானாலும் தொட்டிக்குள் விடுவதற்கு முன்னால் பதினைந்து நாள் அந்த ஜாடியில் கிடக்க வேண்டும். நோய் இருக்கிறதா, இரை எடுக்கிறதா, கூட இருப்பதைக் கடிக்கிறதா என்று பார்ப்பாராம். ஆக அந்த அறையில் ஜாடிக்குள் நாலு பேர், ஜாடிக்கு வெளியே ஒருத்தி. விஷயம் புரிந்ததும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன், போக இடமில்லை.

பதினாறாம் நாள் காலையில் அக்கா எட்டிப் பார்த்தார். "அடுப்பை உள்ள கொண்டாங்க. ரெண்டு அடுப்புக்கு எதுக்கு வெறகு?" அந்த நாலு கெண்டையும் அன்றைக்கே தொட்டிக்குள் போயின. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன். அன்றிலிருந்து நான் அவருக்கு 'ஏ புள்ள' ஆனேன்.

தொட்டி கூடத்தில் இருந்தது. சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிறவரிடம் சொல்லிச் செய்தது. இரும்புச் சட்டத்தில் நாலு பக்கமும் கண்ணாடி பதித்து, தண்ணீர் ஒழுகாமல் ஓரத்தில் பட்டி பூசியிருந்தார். அடியில் ஆற்றுமணல், மூலைக்கு ஒரு கல், நடுவில் வேலம்பாசி. சென்னையிலிருந்து யாரோ தங்கமீன் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டபோது, "இந்த ஊரு உப்புத் தண்ணியும் இந்த வெயிலும் இங்கன பொறந்ததுக்கே தாங்க மாட்டேங்குது. அதை வேற கொண்டாந்து கொல்லணுமாக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

மீனுக்கு இரை கொசுப்புழு. கொல்லையில் ஒரு மண்பானையில் வளர்ப்பார். ஒருநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், பானையைத் திறந்து பார்த்து ஆடிப்போய்விட்டார். "என்னம்மா இது, நீங்களே இப்படிச் செய்யலாமா? ஊருக்கு உபதேசம் பண்றீக!" என்றார். அக்கா சாவகாசமாக ஒரு கிண்ணம் புழுவை மொண்டு தொட்டியில் ஊற்றினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒன்று மிச்சமில்லை. "இந்த மாதிரி உங்க ஆபீஸ்ல நாலு பேரு வேலை பாத்தா ஊர்ல கொசு இருக்குமாய்யா?" என்றார். இன்ஸ்பெக்டர் காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

ஆஸ்பத்திரியிலும் இதே கண்தான். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் கட்டில் காலியிருக்காது. கையும் முகமும் வெந்து வருகிறவர்களை எந்தக் கட்டிலில் போடுவது என்பதை டாக்டர்கூட அக்காவிடம் விட்டுவிடுவார். "அழுகிற ஆளு பக்கத்துல அழுகிற ஆளைப் போடாதீக. ரெண்டும் போட்டி போட்டுக்கிட்டு அழுகும்" என்பார். ஓயாமல் முனகுகிற ஒரு பெரியவரை, வந்ததிலிருந்து பேச்சே இல்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த ஒரு பொம்பளைக்குப் பக்கத்தில் மறைப்பு கட்டிப் போட வைத்தார். மூன்றாம் நாள் அந்தப் பொம்பளை, "அய்யா, கொஞ்சம் தண்ணி குடிக்கிறீகளா?" என்று கேட்டதாம். அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. இதெல்லாம் ஊருக்குள் பரவி, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட, "நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்" என்று வர ஆரம்பித்தார்கள். சாதி பார்த்து, சபை பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக அக்கா பார்க்க வேண்டும். சேரும் என்றார் என்றால் சேரும். நான் பார்த்தவரைக்கும் தப்பியதில்லை.

பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர், தன் புது வீட்டுக்கு இதைவிடப் பெரிய தொட்டியாகச் செய்துவைத்துவிட்டு, எந்த மீன் விடலாம் என்று வந்து கேட்டார். அவருக்கு எல்லா மீனும் வேண்டும். விரால் வேண்டும், கெளுத்தி வேண்டும், கெண்டை கூட்டமாக வேண்டும்.

"சேராது முதலாளி. விரால் விட்டா விரால் மட்டும் விடுங்க."

"எங்க வீட்ல இரைக்கா பஞ்சம்? நாலு வேளையும் போடச் சொல்றேன். வயிறு நெறைஞ்சா அது ஏன் இன்னொண்ணைத் திங்குது?"

"பசிச்சுத் திங்கலை முதலாளி. அதோட கொணம் அது."

முதலாளி சிரித்துவிட்டுப் போய், தானே எல்லாவற்றையும் வாங்கி விட்டார். பத்தே நாளில் தொட்டியில் கொழுத்த விரால் ஒன்று மட்டும் நீந்திக்கொண்டிருந்தது. அக்காவிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தில் 'நான்தான் சொன்னேனே' என்கிற பெருமைகூட இல்லை. "இனி அதைச் சட்டியில போடுங்க" என்றார், அவ்வளவுதான். அந்த நிதானத்தைப் பார்த்து முதல்முறையாக எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தொட்டியில் மஞ்சள் மீன் ஒன்று இருந்தது. கடலோரப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நோயாளி, குணமாகிப் போனவர், நன்றிக்குக் கொண்டுவந்து கொடுத்தது. செல்லக்காசு என்று பெயர் சொன்னார். தட்டையாக, வட்டமாக, மஞ்சள் உடம்பில் வரிசையாகப் புள்ளிகள். அதற்கு இடது மூலைக் கல் சொந்தம். ஒரு தடவை புதிதாக விட்ட கெண்டைகள் நாலைந்து நாளில் வால் நைந்து, மேலே வந்து திணறின.

"சோணி மீனாப் பொறுக்கிட்டு வந்திருக்கீக அக்கா. தானாவே செத்துப் போகும்போல" என்றேன்.

"புதுசைப் பாக்காத. பழசைப் பாரு" என்றார்.

பார்த்தேன். கெண்டை மூலைக்கல் பக்கம் போனதும் மஞ்சள் மீன் புறப்பட்டு வந்து வாலில் ஒரு கொத்து. பெரிய சண்டையெல்லாம் இல்லை, பார்த்தால் விளையாட்டு மாதிரிதான் இருந்தது. ஒரு கொத்து, பிறகு தன் மூலைக்குத் திரும்பிவிடும். சற்று நேரம் கழித்து இன்னொரு கொத்து.

"அது கெட்ட மீனில்ல. தன் இடம்னு நெனைக்குது. அது கடிக்கிறது அதுக்கே தெரியாது" என்றார் அக்கா. ஆனாலும் அவர் சட்டப்படி கடிக்கிறதுதான் வெளியே போக வேண்டும். சட்டியில் போடாமல், அதைச் சன்னல் ஜாடியில் தனியாகப் போட்டார். "அழகாயிருக்கில்ல, மனசு வரலை" என்றார். கொஞ்ச நாள் கழித்துத் தொட்டியில் கல்லையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுத் திரும்ப விட்டுப் பார்த்தார். அது மறுபடியும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டது.

இந்தச் சமயத்தில்தான் ஜெபராஜ் வந்தார்.

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் மெஷின்மேன். மல்லாங்கிணறு பக்கத்துக்காரர், எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் நக இடுக்கில் சிவப்போ பச்சையோ இருக்கும். அதை வைத்தே அந்த வாரம் எந்தக் கம்பெனி ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். உயரமான ஆள், மெல்லிய குரல். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சும்மா பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். கோயிலில் பாட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் அப்படித்தான். எங்கள் அப்பாவுக்கு எழுதுவதற்கு முன்னால் முறையாக அக்காவிடம் வந்து கேட்டார்.

அக்கா வழக்கம்போலச் சொன்னார்: "பதினஞ்சு நாள் சாயங்காலம் வந்துட்டுப் போங்க தம்பி. பாப்போம்."

சிரிப்பாக வந்தது எனக்கு. ஜாடிக்குள் போகிற முறை இப்போது அவருக்கு. ஆனாலும் பயம்தான். அக்கா வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அப்பாகூட அவர் வார்த்தையைத் தட்ட மாட்டார். அதனால் ஜெபராஜ் எதிலும் தவறிவிடக் கூடாதே என்று நான் பக்கத்திலேயே இருந்தேன். வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவார். தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற உதவுவார். மெஷினில் காகிதம் சிக்கிய கதை, மை கொட்டிய கதை என்று ஏதாவது சொல்வார். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு பாசியைக் கழுவிக்கொண்டிருப்பார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ எனக்கு ஒரு கடிதம் எழுதி, அக்கா கையிலேயே கொடுத்தனுப்பினார். நாலு பக்கம். இத்தனை அன்பாக எனக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் எழுதியதில்லை. படித்து அழுதேன். அழுது முடித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? பரீட்சைப் பேப்பர் கட்டு மேசைமேல் இருந்தது, சிவப்பு மைப் பேனாவும் இருந்தது. பிழையெல்லாம் வட்டமிட்டு, ஓரத்தில் திருத்தி, கடைசியில் பத்துக்கு நாலு மார்க் போட்டுத் திருப்பி அனுப்பினேன். விளையாட்டுத்தான். சத்தியமாக விளையாட்டுத்தான். மறுநாள் வந்தவர் சிரித்தார். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. "அடுத்த தடவை பாஸ் பண்ணிருவேன் டீச்சர்" என்றார். அடுத்த கடிதம் வரவில்லை.

பதினைந்தாம் நாள் அவர் வந்து, தண்ணீர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். அக்கா வாசல்வரை கூடப் போனார். கதவுக்கு அப்பால் பத்து நிமிஷம் ஏதோ பேசினார், எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து கையைக் கழுவினார்.

"சேராது, புள்ள."

"என்னக்கா சொல்றீக? எதுல குறை? குடிக்கிறாரா? நோயா?"

"சேராதுன்னா சேராது. சோறு ஆறுது, வா."

இப்போது கேட்கிறவர்கள், நீயே போய் அவரிடம் கேட்டிருக்கலாமே என்பார்கள். அந்தக் காலத்தில் ஒரு டீச்சர் பிரஸ் வாசலில் போய் நிற்க முடியாது. அதைவிட, அவராக வரட்டும் என்கிற வீம்பு. வரவில்லை. மூன்று மாதத்தில் அவர் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஆற்றாமை என்னைத் தின்றது. ஆஸ்பத்திரியில் இருக்கிறவருக்குத் தெரிந்த ஏதோ கோளாறு அவரிடம் இருக்கிறது என்று நானாக முடிவு கட்டினேன். அதோடு நின்றேனா? பள்ளிக்கூடத்தில் ரெண்டு டீச்சர்களிடம் வாய்விட்டுச் சொன்னேன்: "நர்ஸம்மாவே வேண்டாம்னுட்டாங்கன்னா என்னமோ இருக்குல்ல?" அது எங்கெல்லாமோ சுற்றி, அவர் தங்கைக்கு அமைந்திருந்த ஒரு சம்பந்தம் நின்றுபோனது என்று பிறகு கேள்விப்பட்டேன். அக்காவுக்கும் அது எட்டியிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று சாயந்திரம் மஞ்சள் மீனைத் தொட்டியிலிருந்து எடுத்து ஜாடியில் போட்டார். அதற்குப் பிறகு அதைத் தொட்டிக்குள் விடவே இல்லை.

வருஷம் திரும்புவதற்குள் எனக்கும் அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார். விருதுநகர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. இந்தத் தடவை அக்காவிடம் கேட்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினேன், அத்தோடு சரி. விருதுநகரிலிருந்து சிவகாசி என்ன தூரம்? பத்து வருஷம் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

என் குடித்தனத்தை எல்லாரும் மெச்சுவார்கள். என் வீட்டுக்காரர் குரல் ஒருநாள் உயர்ந்ததில்லை. நான் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் கேட்கும்போது, "உங்க வீட்டுக்காரர் மாதிரி அமைதியானவுக எங்கன கிடைப்பாக?" என்று பெண்கள் ஏங்குவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அறுபதுகளின் கடைசியில் ஒருநாள், அக்கா ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டோடு இருப்பதாகவும், விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பதாகவும் சேதி வந்தது. வீம்பு அதோடு கரைந்துவிட்டது. மறுநாளே பஸ் ஏறினேன்.

பின்கட்டில் ஓர் அறை. பாதியாக இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. "வா புள்ள. சாப்பிட்டியா?" என்றார், நேற்றுத்தான் போய்விட்டு வந்தவளைக் கேட்பதுபோல. தொட்டி இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் அதே சன்னல் ஜாடி. அதில் மஞ்சள் மீன் ஒன்று தனியாக இருந்தது.

"அதே மீனா அக்கா?"

"அது போய்ச் சேந்துருச்சு. இது வேற. இந்தச் சாதிய மட்டும் எனக்கு விட முடியல."

கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரிக் கதை, பள்ளிக்கூடக் கதை. புறப்படுகிற நேரத்தில் கேட்டே விட்டேன்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பத்து வருஷமா நெஞ்சுக்குள்ள கிடக்கு. ஜெபராஜ்கிட்ட அப்படி என்ன குறை கண்டீக?"

"எவன், அந்தப் பிரஸ்ஸுக்காரனா? அவன்கிட்ட என்ன குறை? தங்கமான பய."

"நீகதானக்கா சேராதுன்னீக!"

"சேராதுன்னேன். அவன்மேல குறைன்னா சொன்னேன்?" ஜாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினஞ்சு நாளும் நான் அவனையா பாத்தேன்? உன்னையில்ல பாத்தேன்."

"என்னையா?"

"அவன் ஒரு சேதி சொல்ல ஆரம்பிப்பான். மூணாவது வார்த்தையில நீ திருத்துவ. 'அது திங்கக்கிழமையில்ல, செவ்வாக்கிழமை'ம்ப. மறுபடி ஆரம்பிப்பான். மறுபடி திருத்துவ. ரெண்டு பேரும் சிரிச்சுக்குவீக. கடைசி மூணு நாள் அவன் வாயே தொறக்கலை. நீ கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது மட்டும்தான் நினைவு இருந்தது.

"அந்தக் காயிதத்தை நான்தான் அவன்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். செவப்பு மைக்கு நடுவுல அவன் எழுத்தைத் தேட வேண்டியிருந்துச்சு."

"அன்னைக்கு வாசல்ல அவர்கிட்ட என்ன சொன்னீக?"

"'நீயும் நல்ல பய, அவளும் நல்ல புள்ளதான். ஆனா அவகூட இருந்தா உன் வாலு மிஞ்சாது. போயிருய்யா'ன்னேன். அழுதான்."

அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. அவர் அழுதார் என்பது எனக்குத் தெரியாது. அழுதவர் தலையில்தான் நான் ஊரெல்லாம் கோளாறைக் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

"அப்ப என்னை மட்டும் எப்படி வீட்டுக்குள்ள சேத்தீக? பதினாறாம் நாள் அடுப்பை உள்ள கொண்டான்னீகளே?"

"நான் கெளுத்தி மாதிரி, புள்ள. உடம்பெல்லாம் முள்ளு. என்னை எதுவும் கடிச்சுராது. அதான் உன்னை வச்சுக்கிட்டேன்."

"கடிக்கிறதைத்தான வெளிய எடுக்கணும்? உங்க சட்டம் அதான?"

"ஆமா." கை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டார். "உன்னை எடுக்க எனக்கு மனசு வரலை. அவனை எடுத்துட்டேன்."

அத்தனை பிரியத்தை முகத்துக்கு நேரே வைத்துச் சொல்கிற ஒருவரிடம் எப்படிக் கோபப்படுவது? ஆனால் எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது. கையை உருவிக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா! 'நீ இப்படிக் கடிக்கிற, புள்ள'ன்னு ஒரே ஒரு வார்த்தை. மீனுக்குத்தான் சொன்னாப் புரியாது. எனக்குமா புரியாது? இருபத்தி நாலு வயசு எனக்கு. அவருக்காக நான் மாறியிருக்க மாட்டேனா?"

ஜாடிக்குள் அந்த மீன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாடியில் தெரிந்த தன் நிழலையே ஒரு கொத்துக் கொத்தியது. அக்கா கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"அது எனக்குத் தோணவேயில்ல, புள்ள" என்றார்.

அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் கஞ்சி கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். நாலு மாதம் கழித்து அக்கா தவறிப்போன சேதி வந்தது. அந்த மீன் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அன்று அக்காவைப் பார்த்துவிட்டு விருதுநகரில் வந்து இறங்கியபோது விளக்கு வைக்கிற நேரம். என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து, எனக்கும் சேர்த்துக் காபி போட்டு வைத்திருந்தார். வழியெல்லாம் நான் எண்ணிக்கொண்டு வந்தது ஒன்றுதான்: இவர் என்னிடம் கடைசியாக ஒரு கதையை முழுசாகச் சொல்லி முடித்தது எப்போது? எத்தனை யோசித்தும் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

எதிரே உட்கார்ந்தேன். "இன்னைக்கு ஆபீஸ்ல என்ன விசேஷம்? சொல்லுங்க" என்றேன். அப்படி நான் கேட்டதே அவருக்குப் புதுசாக இருந்திருக்க வேண்டும். தம்ளரைக் கீழே வைத்தார்.

"சூலக்கரையிலேருந்து ஒரு பெரியவர் வந்தார். பட்டா விஷயமா. அவர் ஏற்கெனவே போன செவ்வாய்க்கிழமை..." என்றவர் சட்டென்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

உதட்டை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார்.

"செவ்வாயா, புதனா?" என்று என்னிடம் கேட்டார்.

அது அவர் ஆபீஸில் நடந்தது. நான் அங்கே இல்லவே இல்லை.